மேகம் வரைந்த கேப்டனும் மல்லிகை வைத்த டச்சிங்காரரும்!

மதுரை ஆனையூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஹாலில் பெரிய சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. அந்தச் சுவருக்காகவே மருமகள் ஆன்லைனில் ஆறு படங்கள் வாங்கியிருந்தார். எல்லாம் இலை, பூ, கொடி. பழைய புத்தகத் தாள் நிறத்தில் பின்னணி, மெல்லிய கறுப்பு ஃப்ரேம், கீழே சாய்வெழுத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். இப்போதெல்லாம் காபி ஷாப்பிலிருந்து பல் டாக்டர் கிளினிக் வரை தொங்குகிறதே, அதே வகைதான்.

அதே சுவரை இன்னொருவரும் மனதில் வைத்திருந்தார். மருமகளின் மாமனார். வயது 76. திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டிலிருந்து அவர் கையோடு தூக்கிவந்தது ஏழு கறுப்பு வெள்ளைப் படங்கள். தேக்கு பீடிங் போட்டு, பழுப்பேறிய மவுண்ட் வைத்து, அவரே ஃப்ரேம் செய்தவை. அதில் பெரியது 12-க்கு 15 அங்குலம். 1994-ல் தவறிப்போன அவர் மனைவியின் படம்.

"மாமா, இதெல்லாம் உங்க ரூம்ல மாட்டிக்கலாமா? ஹால்ல மாட்டினா கொஞ்சம்..." என்று மருமகள் முடிக்காமல் நிறுத்தினார்.

"அதுக்கென்னம்மா, எங்கிட்டு மாட்டினா என்ன" என்றார் பெரியவர்.

அவர் அறையில் ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் கதவு. மிச்சம் இருந்த சுவரில் நான்கு படங்கள் அடங்கின. மூன்று கட்டிலுக்கு அடியில் போயின. மகன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "அம்மா படத்தை ஸ்கேன் பண்ணி சின்னதா ஒண்ணு கலர்ல போட்டு, பூஜை ரூம்ல வச்சுக்கலாம்ப்பா. இது பெருசா, மங்கலா இருக்கு." பெரியவர் பதில் சொல்லவில்லை. டி.வி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அந்த வீட்டில் அதுதான் அவருடைய கோபம்.

ஹாலில் மாட்டிய ஆறு படங்களில் ஐந்து ஓவியங்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஆழ்ந்த நீலத்தில் வெள்ளையாக ஒரு கடல்பாசி, கூந்தலை விரித்துப் போட்டதுபோல. இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தவர், மூன்றாம் நாள் காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். காலேஜில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இது வரைஞ்சது இல்ல. ப்ளூ பிரிண்ட். வீட்டு பிளான் காப்பி எடுப்பாய்ங்கள்ல, அந்த ஜாதி. பாசியை அப்படியே பேப்பர் மேல வச்சு வெயில்ல காட்டிருக்காங்க."

பேத்தி மொபைலில் தேடிப் பார்த்தார். தாத்தா சொன்னது அச்சு அசல் சரி. இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி செய்தது. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இந்த நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அதை எடுத்துக்கொண்டு, கடல்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் பரப்பி, வெயிலில் வைத்து, நீரில் அலசி, புத்தகமாகவே கொண்டுவரத் தொடங்கிவிட்டார். கேமரா கிடையாது, நெகட்டிவ் கிடையாது. ஒளிப்படங்களால் ஆன உலகின் முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். முன்னுரையில் அவர் முழுப் பெயர்கூட இல்லை, 'ஏ.ஏ.' என்ற இரண்டு எழுத்துகள்தான். பின்னாளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்த ஒருவர், 'பெயர் தெரியாத அமெச்சூர்' என்பதன் சுருக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்!

பெரியவர் சிரித்தார். கோபம் சற்று இறங்கியது அப்போதுதான். பெயர் போடாமல் வேலை பார்ப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 14 வயதில் மதுரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, 'டச்சிங்' கற்றுக்கொண்டு, கலர் படம் வந்து அந்தத் தொழிலை விழுங்கும்வரை அதைத்தான் செய்தார். படத்துக்குக் கீழே ஸ்டூடியோ பெயர் இருக்கும். டச்சிங்காரர் பெயர் இருக்காது.

டச்சிங் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. மொபைல் கேமராவில் 'பியூட்டி' பட்டனைத் தட்டுகிறோமே, அதைக் கையால் செய்வதுதான். சாய்வான மேஜை, நடுவில் சொரசொரப்பான கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம். அதன் மேல் நெகட்டிவ். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய பென்சில் முனை. முகத்தில் பரு இருந்த இடத்தில் நெகட்டிவில் மெல்லப் புள்ளி வைத்துக்கொண்டே போனால், பிரிண்டில் பரு காணாமல் போகும். ஏனென்றால் நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். அங்கே கறுப்பு வைத்தால் இங்கே வெள்ளை விழும். மாப்பிள்ளை பார்க்கும் படம், பாஸ்போர்ட் படம், செத்தவர் படம் என்று மதுரையில் எத்தனையோ முகங்கள் அந்தப் பென்சில் முனைக்குக் கீழே போய்வந்தவைதான்.

ஓவியங்களில் ஒன்றின் கீழ் மூலையில், எறும்பு அளவில் ஏதோ எழுதியிருந்தது. பேத்தி மொபைலில் படம் பிடித்துப் பெரிதாக்கினார். 'ரங்கையா'.

"அட, நம்மாளு!" என்றார் பெரியவர்.

நம்மாளேதான். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1819-ல் கம்பெனி வேலைக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாளையங்கோட்டை, கோவை என்று இருந்த இடமெல்லாம் செடிகொடிகளைச் சேகரித்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியான வைட்டின் ஒரே ஒரு நூல் வரிசையில் மட்டும் 2,101 படங்கள்! வைட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. வரைந்தவர் பெயரைப் படத்தின் அடியில் போட்டுவிடுவார். ஒரு ஆர்க்கிட் செடி இனத்துக்கே 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரைச் சூட்டியவர் அவர்.

சீமைச் சரக்கு என்று நினைத்து வாங்கிய படத்தில் தென்னாட்டுக் கைவேலை. மருமகளுக்கே ஆச்சர்யம். "அப்போ நம்ம மதுரையை அந்தக் காலத்துல யாராவது இப்படி எடுத்திருக்காங்களா?" என்று கேட்டது அவர்தான். அந்தக் கேள்விக்குப் பேத்தியின் மொபைல் கொடுத்த பதில்தான், அன்றைக்கு அந்த வீட்டில் மதிய சாப்பாட்டை நாலு மணி ஆக்கியது.

லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகப் பகுதியில், ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தவர். பெயரைக் கவனியுங்கள். செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டும் வழக்கத்தை நிலைநிறுத்திய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் பெயர். நம் புளியமரத்துக்கு 'டாமரிண்டஸ் இண்டிகா' என்றும், பனைக்கு 'பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர்' என்றும் பெயர் வைத்தவர் அந்த லின்னேயஸ்தான். தாவரவியலாளரின் பெயரைச் சுமந்தவர் சேர்ந்ததோ ராணுவத்தில். கிழக்கிந்திய கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் லீவில் ஊருக்குப் போனபோது ஒளிப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் அந்த நாட்டைப் படமெடுத்தார். 1857-ல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது.

1857 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிப்பாய்க் கலகம். வடக்கே கம்பெனி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்த ஆண்டு டிசம்பரில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார் கேப்டன் ட்ரைப். ஶ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்தார். மதுரையில் இருந்தது தை, மாசிக் குளிரில். ரசாயனங்கள் வெயிலில் கெட்டுப்போகும் என்பதால் அந்தப் பருவம்தான் தோது.

அப்போது அவர் எடுத்த மதுரைப் படங்கள் அதே ஆண்டில் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மதுரைக்கு இவ்வளவு விரிவான ஒளிப்படத் தொகுப்பு அதற்கு முன் கிடையாது. சுமார் 10 அங்குல உயரம், 14 அங்குல அகலம், செம்பழுப்பு நிறம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் போன்ற இடங்கள் தங்களிடம் இருக்கும் ட்ரைப் படங்களை யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டிருக்கின்றன. மதுரைக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

பேத்தி ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, பெரியவர் இடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது விளக்குத்தூண்!" ஆமாம். கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, மதுரையை வெளியே விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக நட்ட தூண். இன்றைக்கு அந்தப் பெயரில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போனால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ட்ரைப்பின் படத்தில் அதைச் சுற்றி ஈ, காக்கா இல்லை.

"இது யானைமலை. முன்பக்கம் இல்ல, ஓரத்துல இருந்து எடுத்திருக்கான்." ஒத்தக்கடை போகிறவர்கள் தினமும் பார்க்கிற மலைதான்.

அடுத்தது வைகை. ஏ.வி. பாலம் வர இன்னும் 30 ஆண்டு இருந்த காலம் அது. தரைப்பாலம் ஒன்று ஆற்றைக் கடந்து ஊருக்குள் போகிறது. அப்புறம் புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரம். தையல் மெஷினும் பாத்திரமும் புத்தகக் கடையும் இல்லாமல் தூண்கள் மட்டும் வரிசை பிடித்து நிற்கின்றன. அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதே இப்போது சில ஆண்டுகளுக்கு முன்னால்தானே! மீனாட்சியம்மன் கோயில் நகைகளைப் பரப்பி வைத்து எடுத்த படம்கூட ஒன்று உண்டு.

மகால் வந்தபோது பெரியவர் மொபைலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த தெருவுக்குப் பக்கத்து அரண்மனை. சில ஆண்டுகள் கழித்து, நேப்பியர் பிரபு கவர்னராக வந்தபிறகுதான் மகாலைப் பழுதுபார்த்தார்கள். ட்ரைப் பார்த்தது அதற்கு முந்தைய, சிதைந்து நின்ற மகாலை. எங்கே பழசு, எங்கே பூசியது என்று தெரிந்துகொள்ள இந்தப் படங்கள் சாட்சி.

மரங்களும் வானமும் இருந்த ஒரு படத்தில் பெரியவர் நின்றுவிட்டார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். திரும்பப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மொபைலை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"இந்த மேகம் வானத்துல இருந்தது இல்ல. வச்ச மேகம்."

"தாத்தா, அது 1858. போட்டோஷாப்லாம் கிடையாது."

"பிரஷ் கிடையாதா?"

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. ட்ரைப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் அதுதான். பிழைத்திருக்கும் அவருடைய நெகட்டிவ்களில் தூரிகைத் தடம் அப்படியே தெரிகிறது.

ஏன் வரைய வேண்டியிருந்தது? அந்தக் கால ஒளிப்படத் தாளுக்கு நீல ஒளி ஒன்றுதான் ஒழுங்காகக் கண்ணுக்குத் தெரியும். பச்சை ஏறக்குறையத் தெரியாது. நீல வானம் முழுக்கப் பதிவாகி பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும், மேகம் அதில் கரைந்துபோகும். மரம் நேர்மாறு. பச்சை பதியாததால் இலையெல்லாம் ஒரே கறுப்புப் பொதியாக விழும். போதாததற்கு ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கோயில் தூண் அசையாமல் நிற்கும், வேப்பங்கிளை நிற்குமா? காற்றில் ஆடிக் கலங்கிவிடும். தாவரவியலாளர் பெயரை வைத்துக்கொண்டு, ஒரு மரத்தின் இலையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பட்ட பாடு!

ட்ரைப் கண்ணாடி நெகட்டிவும் கையாண்டவர்தான். ஆனால் பெரிய கட்டடப் படங்களுக்கு அவர் நம்பியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை. முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகலாம், பயணத்தில் உடையாது. இன்னொரு வசதி, காகிதத்தின் மேல் தூரிகை நன்றாக ஓடும். மேகம் வர வேண்டிய இடத்தில் சாயம் பூசினார். கறுத்துக் கிடந்த மரத்தில் வெளிச்சம் படும் இலை முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நெகட்டிவில் தொட்ட இடமெல்லாம் பிரிண்டில் வெளுத்து, மரத்துக்கு இலை முளைத்தது.

"நெகட்டிவ்ல கறுப்பு வச்சாத்தான் பிரிண்ட்ல வெள்ளை" என்று பெரியவர் 60 ஆண்டு பழைய பாடத்தைச் சொன்னார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் தலையில் குட்டிக் குட்டிச் சொன்ன வாக்கியம் அது.

ட்ரைப்பின் கதையில் அடுத்து வருவது கொஞ்சம் கசப்பு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டு தெரியாமல் சேர்த்து, ஒரே நீளப் படமாக ஆக்கிக் காட்டினார். அமராவதிச் சிற்பங்களை எடுத்தார். எல்லாவற்றையும் பிரதி எடுக்கும் வேலையில் மூழ்கியிருந்தபோது, 1859-ல் புதிய கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்குப் பார்த்தார். கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. ஒளிப்படம் எல்லாம் ஆடம்பரம், அரசு நிதிக்குக் கட்டுப்படியாகாது, நிறுத்துங்கள் என்றார். அத்தோடு முடிந்தது. (சிக்கனம் பேசிய ட்ரெவெல்யனே வரி விவகாரத்தில் மேலிடத்தோடு மோதி, அடுத்த ஆண்டே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை.)

ட்ரைப்புக்கு அப்போது 37 வயது. அதன்பின் அவருடைய ஒளிப்பட வாழ்க்கை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பட்டாளத்துக்கே திரும்பினார். ஓய்வுபெற்று ஊருக்குப் போய், கடல் சிப்பிகளையும் பவளங்களையும் சேகரித்தார். 1902-ல், பிறந்த ஊர்ப் பக்கமே காலமானார். 2014-ல் வாஷிங்டனில் தொடங்கி நியூயார்க், லண்டன் என்று அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று ஒதுக்கிய அதே படங்கள்தான்.

அவரிடம் வேலை பார்த்த சி.ஐயாசாமி என்ற உதவியாளரின் பெயரும் பதிவுகளில் கிடைக்கிறது. பின்னாளில் சென்னைக் கலைப் பள்ளியில் ஒளிப்பட வேலையில் இருந்தார் அவர். பேத்தி இதைப் படித்ததும் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளை எடுத்த படம் ஏதும் இருக்கா பாரு." மேகத்தில் பாதியை ஐயாசாமிதான் வைத்திருப்பார் என்பது அவருடைய கட்சி. "கேப்டன் வெயில்ல அலைஞ்சுக்கிட்டு இருந்திருப்பாரு. உக்காந்து புள்ளி வைக்கிறவன் வேற ஆளாத்தான் இருப்பான்." ஆதாரம் எதுவும் இல்லை. தொழில்காரரின் சந்தேகம்.

அன்று சாயங்காலம், கட்டிலுக்கு அடியிலிருந்த பெரிய படத்தை இழுத்து வெளியே வைத்தவர் மருமகள். துணியால் கண்ணாடியைத் துடைத்தார். ஃபிளாட்டின் வெள்ளை வெளிச்சத்தில் மாமியார் முகத்தை அவர் அப்படிக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதானாம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போதே மாமியார் படமாகத்தான் இருந்தார்.

"மாமா, இதுலயும் டச்சிங் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பெரியவர் சொன்னார். மனைவியைத் தனியாக எடுத்த படம் என்று ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஊர் முகத்துக்கெல்லாம் டச்சிங் செய்தவர் வீட்டில் அந்த லட்சணம். இறந்தபிறகு தேடியபோது கிடைத்தது, 1979-ல் மச்சினன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். ஸ்டூடியோ முதலாளியிடம் கேட்டு, அந்த முகத்தை மட்டும் காப்பி எடுத்துப் பெரிதாக்கி, மறைந்த தோளை வரைந்து, சேலைக் கரையை இழுத்து...

"பூ?" என்றார் பேத்தி. வலது காதுக்குப் பின்னாலிருந்து முன்பக்கம் இறங்கும் மல்லிகைச் சரம். படத்தில் அதுதான் பளிச்சென்று இருந்தது.

"அன்னைக்கு அவ பூ வைக்கல. அவசரத்துல கிளம்பிட்டா. வண்டியில வர்றப்ப அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தா."

நெகட்டிவில் ஒவ்வொரு மொட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு மொட்டுக்கு இரண்டு தொடுப்பு, காம்புக்கு ஒன்றும் வைக்காமல் விட வேண்டும். எத்தனை மொட்டு என்று அவர் எண்ணவில்லை. மூன்று ராத்திரி ஆனது மட்டும் நினைவிருக்கிறது. பெற்ற மகனுக்குக்கூட அது இத்தனை நாளாகத் தெரியாது.

மருமகள் எழுந்து போய் ஹால் சுவரைப் பார்த்தார். நடுவில் இருந்த இரண்டு இலைப் படங்களைக் கழற்றினார். நீலப் பாசி இருக்கட்டும், ரங்கையா இருக்கட்டும் என்றார். மகன் ஆபீஸிலிருந்து வந்தபோது டிரில்லிங் மெஷின் தயாராக இருந்தது.

பேத்தி வைகைப் படத்தைத் தரவிறக்கி, கலர் லேபில் நல்ல மேட் தாளில் பிரிண்ட் போட்டு வந்துவிட்டார். ஃப்ரேம் மட்டும் கடையில் கொடுக்கக் கூடாது என்று பெரியவரின் கண்டிஷன். அவர் கை இப்போது லேசாக நடுங்குகிறது. பீடிங்கை 45 டிகிரியில் அறுப்பதற்குப் பேத்தி பிடித்துக்கொண்டார். மவுண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி போகாமல் பின்பக்கம் டேப் ஒட்டுவதை அவரே செய்தார்.

"ரங்கையா மாதிரி ஆச்சி படத்துல நீங்களும் பேர் எழுதுங்க தாத்தா" என்று பேத்தி ஒரு பென்சிலை நீட்டினார்.

"போத்தா. பேர் போட்டா பூ வச்சது தெரிஞ்சு போகும்" என்றார். ஆனால் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஏணியில் நின்ற மகனைப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் இறக்குடா, சாஞ்சிருக்கு" என்றார்.